மாப்பிள்ளைச் சட்டை

சட்டையின் இரண்டு கைகளும் இடது கைகளாக இருந்தன.

பீர் மைதீன் அதை மேசைமேல் விரித்துப் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். புரட்டிப் போட்டுப் பார்த்தார். இப்போது இரண்டும் வலது கைகளாகத் தெரிந்தன. மறுபடியும் புரட்டினார். சந்தேகமில்லை, ஒரே மனிதனுக்கு இரண்டு இடது கைகள்.

“முடிஞ்சுதா?” என்று அடுக்களையிலிருந்து மனைவி ஷரீபா பீவியின் குரல் வந்தது.

“முடியுது.”

“கை வச்சாச்சா?”

“வச்சாச்சு.”

“ரெண்டுமா?”

“ரெண்டுந்தான்.”

அதில் பொய் எதுவும் இல்லை. பீர் மைதீன் பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. அவருக்கு வந்த கஷ்டமெல்லாம் ஒரு உண்மையைச் சொன்னதிலிருந்துதான் ஆரம்பித்தது.

வளைகுடா நாட்டில் ஒரு துணிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர் அவர். முதல் லீவில் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது, “அங்கன என்ன வேலை?” என்று கேட்டவர்களிடம் “சட்டை தைக்கேன்” என்றார். அது உண்மை. கம்பெனியில் நீளமான கூடம் ஒன்றில் எழுபது தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும். ஒருவர் பை தைப்பார், ஒருவர் கை தைப்பார், ஒருவர் பட்டனுக்குக் காஜா எடுப்பார். பீர் மைதீனுக்குக் காலர். வெட்டிய துண்டுகள் இடது பக்கமிருந்து வரும். உள்ளே விறைப்புக்குக் கேன்வாஸ் வைத்துத் தைத்து, முனையைத் திருப்பி, பட்டியை ஏற்றி வலது பக்கம் தள்ளிவிடுவார். அங்கே உட்கார்ந்திருந்த வங்காளி அதை எந்தச் சட்டையில் கொண்டுபோய்ப் பூட்டினான் என்பது அவருக்குத் தெரியாது. நாளைக்கு முந்நூறு காலர். முழுச் சட்டையை அவர் பார்த்ததெல்லாம் மற்ற எல்லோரையும் போலக் கடைகளில்தான்.

“சட்டை தைக்கேன்” என்பதைச் “சட்டை மாஸ்டர்” ஆக்கியது ஷரீபா பீவி. இரண்டு மூன்று லீவுக்குள் அந்தப் பேர் தெருவுக்கே பழகிவிட்டது. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு தடவை அவர் திருத்தப் பார்த்தார். “நான் காலர் மட்டுந்தான்…” என்று இழுத்தால், “என்ன அடக்கம் பாருங்க” என்றார்கள். பிறகு விட்டுவிட்டார். மாஸ்டர் என்று கூப்பிடும்போது திரும்பிப் பார்க்கவும் பழகிக்கொண்டார்.

போன வருஷம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். இந்த வருஷம் மகள் ஷமீராவுக்குப் புளியங்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் சித்தீக், அங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மொபைல் கடை வைத்திருந்தான். அவன் வாப்பா முகம்மது ஹுசைன் எலுமிச்சங்காய் மண்டிக்காரர். தங்கமான மனிதர். நிக்காஹுக்கு நாள் குறித்த அன்று, பெண் வீட்டார் போட வேண்டிய மாப்பிள்ளை உடுப்பைப் பற்றிப் பேச்சு வந்தது.

“திருநெல்வேலியில போயி எடுத்திருவோமா சம்பந்தி?” என்று கேட்டார் முகம்மது ஹுசைன்.

பீர் மைதீன் “சரி” என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஷரீபா பீவி முந்திக்கொண்டாள்.

“எதுக்கு அண்ணன் அலையணும்? மாஸ்டர் இங்கன இருக்காகளே. மாப்பிள்ளைக்குச் சட்டை இவுக கையாலயே தச்சுப் போடுவாக.”

முகம்மது ஹுசைன் எழுந்து வந்து பீர் மைதீனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “எம் மவனுக்கு இந்தக் கொடுப்பினை இருக்கே! எங்க சனம் பூரா அன்னைக்கு அந்தச் சட்டையத்தான் பாக்கும்.”

பீர் மைதீன் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அளவெடுக்கப் புளியங்குடி போனதும் நல்லபடியாக முடியவில்லை. “அளவு சட்டை ஒண்ணு தரட்டுமா மாமா?” என்று சித்தீக் பணிவாகத்தான் கேட்டான். அதை வாங்கிக்கொண்டு வரத்தான் அவர் போயிருந்தார். ஆனால் கடையில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் சிரித்துவிட்டார். “ஏ சித்தீக்கு, வெளிநாட்டு மாஸ்டர்ட்ட போயி அளவு சட்டைங்கியே! அவுக கண்ணாலயே அளந்திருவாகப்பா.”

வேறு வழியில்லாமல் பீர் மைதீன் இஞ்ச் டேப்பை எடுத்தார். எது தேவைப்படும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் அளந்தார். காதிலிருந்து தோள், தோளிலிருந்து தொப்புள், இரண்டு மணிக்கட்டும் தனித்தனியாக. கடைசியில் கீழே உட்கார்ந்து கெண்டைக்காலையும் சுற்றி அளந்தபோது மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டான்.

“மாமா, சட்டைக்குக் கெண்டைக்கால் எதுக்கு?”

“ஆளு நிக்கிற நிலை தெரியணும் மாப்பிள்ளே.”

கடையே மரியாதையோடு அமைதியாகிவிட்டது. பத்தொன்பது அளவுகளைக் குறித்துக்கொண்டு ஊர் வந்தார். நெஞ்சளவு எடுத்தபோது மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இரண்டு போன்கள் இருந்தது பஸ்ஸில் வரும்போதுதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பத்தொன்பது அளவுகளை வைத்து வெட்டிய சட்டைதான் இப்போது இரண்டு இடது கைகளோடு மேசையில் கிடந்தது. நிக்காஹுக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது.

ஒரு கையைப் பிரித்தார். பிரிக்கும்போது தோளில் கை சேருகிற வளைவு கிழிந்தது. கிழிசலை மறைக்க வளைவைக் கொஞ்சம் பெரிதாக வெட்டினார். ஒரு பக்கம் பெரிதானதால் மறுபக்கத்தையும் வெட்டினார். இரண்டையும் சமமாக்க மூன்று தடவை மாற்றி மாற்றி வெட்டியதில், அஸர் தொழுகைக்கு முன்னால் முழுக்கைச் சட்டையாக இருந்தது தொழுதுவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் பனியனாகிவிட்டது. காலர் மட்டும் கத்தி மாதிரி நின்றது. அதைக் கத்தரித்து எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு மீதியைத் தலையணை உறைக்குள் திணித்தார்.

மறுநாள் வேறு யோசனை தோன்றியது. தாம் பெருநாளைக்கு எடுத்த நல்ல சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, அந்தத் துண்டுகளை வைத்துப் புதுத் துணியை வெட்டினார். நல்ல யோசனைதான். சட்டை பார்க்கச் சட்டை போலவே வந்தது. கைகள் ஒன்று இடதும் ஒன்று வலதுமாக இருந்தன. ஆனால் யாருக்காவது போட்டுப் பார்க்க வேண்டுமே?

மாப்பிள்ளையின் உடம்பு வாகு பக்கத்துத் தெரு சங்கரசுப்புவுக்கு இருந்தது. விசைத்தறி ஓட்டுகிறவன். ஷரீபா பீவி சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்து அவனைக் கூப்பிட்டார்.

“சும்மா ஒரு தடவை போட்டுக் காட்டுடே.”

சங்கரசுப்பு போட்டான். பட்டனெல்லாம் பூட்டிவிட்டார். நெஞ்சு சரியாக இருந்தது. கழுத்து அச்சாக இருந்தது. ஆனால் அக்குளில் இறுக்கிப் பிடித்ததால் அவனால் கைகளைக் கீழே இறக்க முடியவில்லை. பறக்கப் போகிறவன் மாதிரி இரண்டு பக்கமும் தூக்கியபடி நின்றான்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் பீர் மைதீன், குரல் இறங்க.

சங்கரசுப்பு கண்ணாடியைப் பார்த்தான். காலரைத் தொட்டுப் பார்த்தான். “எனக்குன்னு ஒருத்தரும் இதுவரை சட்டை தச்சுக் குடுத்ததில்ல மாஸ்டர்” என்றான்.

அவர் பதில் சொல்வதற்குள் அந்தச் சட்டையோடு தெருவில் இறங்கிவிட்டான். டீக்கடையில் அவனுக்கு வேறொருவர்தான் டீயை வாயில் ஊற்ற வேண்டியிருந்தது. “வெளிநாட்டு கட்டிங்கு. நெஞ்சை நிமித்திக்கிட்டே இருக்கச் சொல்லுது” என்று எல்லோரிடமும் சொன்னான். எல்லோரும் காலரைத்தான் பார்த்தார்கள். அப்படிப்பட்ட காலரை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

ஷரீபா பீவி சந்தையிலிருந்து திரும்பும்போது வாசலில் ஐந்து பேர் துணியோடு நின்றார்கள். அவள் எல்லாவற்றையும் வாங்கி உள்ளே கொண்டுவந்து அடுக்கினாள்.

“கல்யாணம் முடியட்டும், தச்சுத் தருவாகன்னு சொல்லிட்டேன். நீங்க சும்மா இருக்கிற நேரந்தானே?”

பீர் மைதீன் அந்த அடுக்கைப் பார்த்தார். இனி உள்ளூரில் ஒன்றும் முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் “நூல் வாங்கிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுத் திருவேங்கடம் பஸ்ஸில் ஏறினார். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் கிடையாது. கடைத்தெருவில் எப்சிபா என்ற பெண் தையல் கடை வைத்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். துணியையும் பத்தொன்பது அளவுகளையும் கொடுத்து, தெரிந்தவர் ஒருவருக்குச் சட்டை வேண்டும் என்றார்.

எப்சிபா சீட்டைப் படித்தாள். “இது சட்டைக்கா, சிலை வடிக்கவா அண்ணாச்சி?” என்றாள். பிறகு சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “ஒரு மாசத்துக்கு என்னால ஏலாது. நூறு யூனிபார்ம் சட்டை கிடக்கு. காலர் போடுத பிள்ளை பேறுகாலத்துக்குப் போயிட்டா. காலர் போட ஆளில்லாம நானே முழி பிதுங்கி நிக்கேன்.”

பீர் மைதீன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஓரமாகக் கிடந்த மெஷினில் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டுக்கு எப்சிபா நிமிர்ந்து பார்த்தபோது அவர் பக்கத்தில் நாற்பது காலர்கள் அடுக்கி இருந்தன. ஒன்றை எடுத்தாள். இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்து அதன்மேல் வைத்தாள். ஒரு நூல் அளவு வித்தியாசம் இல்லை.

“நீங்க யாரு அண்ணாச்சி?”

இருபத்திரண்டு வருஷத்தில் யாரிடமும் சொல்லி முடிக்க முடியாததை அந்தப் பெண்ணிடம் பீர் மைதீன் முழுக்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

“சட்டைய நான் தச்சுத் தரமாட்டேன்” என்றாள். “நீங்கதான் தைக்கணும். தெனம் வாங்க. எனக்குக் காலர் போட்டுக் குடுங்க, மத்தத நான் சொல்லித் தாரேன்.”

அன்றிலிருந்து தினமும் நூல் வாங்கப் போனார். காலையில் காலர் போட்டார். மத்தியானத்துக்கு மேல் கை வெட்டவும், தோள் சேர்க்கவும், கஃப் வைக்கவும் படித்தார். எப்சிபா பொறுமைசாலி அல்ல. தையல் கோணினால் கத்தரியால் மேசையைத் தட்டுவாள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு பிரித்துத் தைப்பார். விரலெல்லாம் ஊசி குத்திய புண். ஆனால் வீட்டுக்கு வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. வினை அதிலிருந்துதான் வந்தது.

“ஒரு சட்டைக்கு எத்தன நாளு நூல் வாங்குவாக?” என்று ஷரீபா பீவி நான்காம் நாள் கேட்டாள்.

“நல்ல நூலு கிடைக்க மாட்டேங்கு.”

ஆறாம் நாள், மச்சினன் வீட்டு விசேஷத்துக்குத் திருவேங்கடம் போய் வந்த சங்கரசுப்பு, பீர் மைதீன் வீட்டு வாசலில் நின்று சந்தோஷமாகச் சொன்னான். “மாஸ்டரை அங்கன ஒரு பொம்பள கடையில பாத்தேன்க்கா. கூப்பிட்டேன், காதுல விழல. ரெண்டு பேரும் தலையோட தலை முட்டுத மாதிரி குனிஞ்சு என்னமோ பாத்துக்கிட்டு இருந்தாக.”

மறுநாள் பீர் மைதீன் ஏறிய பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஷரீபா பீவி ஏறினாள். வழி முழுக்க என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனாள். கேட்க வேண்டியதெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. கடையைக் கண்டுபிடித்து வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

“எத்தன தடவ சொல்லுதேன் அண்ணாச்சி? கைய இழுத்துப் பிடிக்காதீக, துணி தன்னால வரும். பிரிங்க. முழுசும் பிரிங்க.”

“சரிம்மா” என்று அவள் புருஷனின் குரல் கேட்டது.

ஷரீபா பீவி எட்டிப் பார்த்தாள். ஊரெல்லாம் மாஸ்டர் என்று சொல்லும் மனிதர், வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை போலச் சட்டைக் கையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்தது எதுவும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பீர் மைதீன் நிமிர்ந்தார். எழுந்து நின்றார். குண்டூசிகள் இருந்ததால் ஒன்றும் பேச முடியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாதித் தூரம் வந்ததும் அவள் கேட்டாள்.

“இருவத்திரெண்டு வருசமும் காலர் மட்டுமா?”

“காலர் மட்டுந்தான்.”

“எத்தன இருக்கும்?”

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். “இருவது லட்சத்துக்குக் கொறையாது.”

“இருவது லட்சம் பேரு போட்டிருப்பாக.”

“போட்டிருப்பாக.”

“அதுல ஒருத்தராவது நமக்குத் தெரிஞ்சவுகளா?”

“இல்ல.”

ஷரீபா பீவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழைக்குக் காத்துக்கிடந்த கரிசல் காடு ஓடியது. “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா? ஊரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சது நாந்தானே” என்றாள். ஊர் நெருங்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “நாளைக்கும் போங்க. நூலு வாங்கப் போறாகன்னு நானே சொல்லிக்கிடுதேன். ஆனா அன்னைக்கு மாப்பிள்ள அந்தச் சட்டையத்தான் போடணும். முழுசும் நீங்க தச்சதா இருக்கணும்.”

இன்னும் ஐந்து நாள் போனார். இந்தத் தடவை புளியங்குடிக்கு ஷரீபா பீவியே போய், “இவுக ஒரு தடவ சரிபாக்கணுமாம்” என்று சொல்லி அளவு சட்டை ஒன்றை வாங்கி வந்தாள். நிக்காஹுக்கு மூன்று நாள் முன்னால் தம் வீட்டில், தம் மெஷினில், யாருடைய உதவியும் இல்லாமல் பீர் மைதீன் ஒரு சட்டையை முதலிலிருந்து கடைசிவரை தைத்தார். காஜாவும் கையாலேயே எடுத்தார். கடைசிப் பட்டனை வைத்து நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, அதைக் கொடியில் தொங்கவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். ஷமீரா சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

நிக்காஹ் அன்று மண்டபத்து மாப்பிள்ளை அறையில் அவரே சித்தீக்குக்குச் சட்டையைப் போட்டுப் பட்டன்களைப் பூட்டிவிட்டார். முகம்மது ஹுசைன் மகனைச் சுற்றிச் சுற்றி வந்தார். தோள் விளிம்பில் தையல் அப்படியே படிந்து இறங்கியது. முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. கை மணிக்கட்டு எலும்பில் வந்து நின்றது. சித்தீக் கைகளைத் தூக்கி இறக்கிப் பார்த்தான். சட்டையும் கூடவே ஏறி, கூடவே இறங்கியது.

“மாஷா அல்லாஹ்!” என்றார் முகம்மது ஹுசைன். “உடம்போட பொறந்த மாதிரி இருக்கு சம்பந்தி.”

கதவுக்குப் பின்னாலிருந்து ஷரீபா பீவி எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கும் முகம் காட்டாமல் போய்விட்டாள். பீர் மைதீன் நெஞ்சை ஒரு தடவை தடவிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்தடவையாகத் தாம் தைத்த சட்டை ஒரு மனிதன்மேல் சரியாகப் பொருந்தி நிற்பதைப் பார்த்தார். அதன் தோளையும் கையையும் முதுகையும் பையையும் ஜனம் முழுக்கப் பார்க்கப் போகிறது.

“மாப்பிள்ளே, மேடைக்குப் போகும்போது கொஞ்சம் மெதுவா நடங்க” என்றார். “கைய நல்லா வீசி நடங்க.”

அப்போது போட்டோக்காரர் அபிஷேக் கேமராவோடு அவசரமாக உள்ளே வந்தார். கையில், சித்தீக்கின் கூட்டாளிகள் சேர்ந்து வாங்கிக்கொடுத்த கறுப்புக் கோட்டு ஒன்று ஹேங்கரோடு தொங்கியது.

“நேரமாயிட்டு மாப்பிள்ளே, இதை மாட்டி எல்லா பட்டனையும் பூட்டிக்கிடுங்க” என்றார். “உள்ள என்ன சட்டைனாலும் பரவாயில்ல, காலர் மட்டும் வெளிய தெரிஞ்சாப் போதும்.”